முறை பார்த்துச் சேர்த்த சோளப்பாம்புகள்

இதைச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம்தான் துளசிமணிக்கு முதலில் வரும். முட்டையிலிருந்து தொடங்கினால் கேட்கிறவர்கள் பைத்தியம் என்பார்கள், பவுண்டரியிலிருந்து தொடங்கினால் கட்டின புருஷனையே பாம்பிடம் கடி வாங்க வைத்தவள் என்பார்கள், இரண்டுக்கும் நடுவிலிருந்து தொடங்கலாம் என்றாலோ, ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுபோன அவளுக்கு எது நடு என்று பிடிபடாது. அதனால் அவள் எப்போதும் தண்ணீர்த் தொட்டியிலிருந்துதான் தொடங்குவாள், ஏனென்றால் தொட்டி அங்கேயே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

கோயமுத்தூரில் கணபதிக்கு அந்தப் பக்கம், பவுண்டரிப் புகை படிந்து கூரையெல்லாம் கறுத்த பன்னிரண்டு வீட்டு லைன் அது. ஒரே நீளக் கூரை, ஒரே நீள வாசல், வாசலின் கடைசியில் சிமெண்டுத் தொட்டி, தொட்டியை ஒட்டிய கடைசி வீடு துளசிமணியுடையது. சித்திரை வெயிலில் மற்ற பதினோரு வீட்டுச் சுவர்களும் தோசைக்கல்லாய்க் காய்ந்துகொண்டிருக்கும்போதும் அவள் வீட்டின் தொட்டிப் பக்கத்துச் சுவர் மட்டும் சில்லென்று கசிந்தபடி இருக்கும். அவளுடைய வீட்டுக்காரர் நாச்சிமுத்து இருபத்திரண்டு வருஷமாக உருகிய இரும்பை அச்சில் ஊற்றுகிற வேலை செய்கிறவர், அப்படியும் பத்து விரலும் முழுசாக இருக்கிறவர், அந்த லைனில் அது பெரிய விஷயம். மத்தியானம் சோற்றுத் தூக்குப்போசியைத் திறக்கும்முன் தினமும் ஒரு போன் போடுவார். "துளசி, கேஸை அணைச்சியா?" என்பார். "அணைச்சுட்டனுங்க" என்று சொல்லிவிட்டு, சொன்னது பொய்யாகிவிடுமோ என்று ஓடிப்போய் அவள் மறுபடி பார்ப்பாள்.

பயப்படுவதற்கென்றே பிறந்தவள் என்று அவளை லைனில் சொல்வார்கள். பூட்டிய பூட்டை ஏழு தரம் இழுத்துப் பார்ப்பாள், பஸ்ஸில் ஏறினால் டிரைவரின் கண்ணையே கண்ணாடியில் பார்த்துக்கொண்டு போவாள், போன் அடித்தால் எடுப்பதற்குள் நாலு சாவை நினைத்துவிடுவாள். அப்படிப்பட்டவளிடம் பாம்பு வந்து சேர்ந்ததும் பயத்தால்தான். அவள் சமையலுக்குப் போய்க்கொண்டிருந்த பல் டாக்டர் வீட்டில் தாரிணி என்ற பெண் இரண்டு சோளப்பாம்புகளை ஆசையாய் வளர்த்தது; மேல்படிப்புக்கு ஜெர்மனி போகும்போது, "அக்கா, உங்களைத் தவிர யாரும் இதுங்களுக்கு நேரத்துக்குத் தீனி போட மாட்டாங்க" என்றது. முடியாது என்று சொன்னால் பட்டினியில் செத்துவிடுமோ என்று பயந்து துளசிமணி சரி என்றாள். அரசாங்கத்தில் பதிந்த காகிதத்தையெல்லாம் அவள் பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் அந்தப் பெண் பிளேன் ஏறியது.

விஷமில்லாத பாம்பு. முழங்கையிலிருந்து தோள்வரை இரண்டு சுற்று வரும். வயிற்றைத் திருப்பிப் பார்த்தால் சோளக்கதிரில் மணி பிடித்த மாதிரி கட்டம் கட்டமாக இருக்கும், அதனால்தான் அந்தப் பேர். பெண் நல்ல சிவப்பு, ஆண் சாம்பல். மாட்டுக்குச் சொல்கிற மாதிரி செவலை, மயிலை என்று அவள் பேர் வைத்தாள். தாரிணி சொல்லிப்போன விதிகளை ரேஷன் கார்டுக்குப் பின்னால் எழுதி வைத்துக்கொண்டாள்: பிரிட்ஜிலிருக்கிற எலிக்குஞ்சைச் சுடுதண்ணீரில் போட்டு உயிருள்ளதின் சூட்டுக்குக் கொண்டுவந்துதான் கொடுக்க வேண்டும், எலியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பாம்பைத் தொடக் கூடாது, கை எது எலி எது என்று அதற்குத் தெரியாது, கடித்துவிடும், மார்கழிக் குளிரில் கிடந்த பாம்புதான் மாசியில் ஜோடி சேரும்.

முதல் வருஷம் அவள் ஒன்றும் யோசித்துச் செய்யவில்லை. வீட்டில் காலியாக இருந்தது தொட்டிப் பக்கத்துச் சுவர் ஒன்றுதான் என்று பெட்டிகளை அங்கே வைத்தாள், மார்கழி முழுக்க அந்தச் சில்லிப்பில் அவை கிடந்தன, மாசியில் தனித்தனியாய்க் கிடக்கின்றனவே பாவம் என்று ஒன்றாய் விட்டாள், சித்திரையில் பதினாலு முட்டை. ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முட்டைகள் கீறிக்கொண்டன, லைனே வேடிக்கை பார்க்க அந்த ஒற்றை அறைக்குள் அடைந்துகொண்டு நின்றது. மூன்று முட்டை வீணாய்ப் போக, பதினோரு குட்டிகள், செவலையின் சிவப்பும் இல்லை, மயிலையின் சாம்பலும் இல்லை, செங்கல் திட்டுப் போட்ட பழுப்புக் குட்டிகள், ஒவ்வொன்றாகத் தலையை நீட்டின. தலையை நீட்டிய குட்டி எதிரே நின்ற ஆளில் யாரை முதலில் பார்த்ததோ அந்த ஆளின் பயத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டது.

எடுத்துக்கொண்டது அன்றைக்கே தெரிந்துபோயிற்று, ஏனென்றால் சாயங்காலம் இடி இடித்தது. இடி என்றால் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்கிற மூன்றாம் வீட்டு விசாலாட்சி, வாசலில் நின்று காய்ந்த துணியை எடுத்துக்கொண்டே, "மழை வருதாட்டமிருக்குது" என்று நிதானமாய்ச் சொன்னாள், அவள் பார்த்த குட்டியோ டப்பாவுக்குள் வாலை நடுக்கிக்கொண்டு மூலையில் முட்டி முட்டிச் சுருண்டது. டெய்லர் அன்வர் பாயின் நாய்ப்பயம் போயிற்று. விசாலாட்சியின் தம்பி, ஏழாம் வீட்டுச் செல்லமுத்து, பெயிண்ட் அடிக்கச் சாரம் ஏறினால் கால் கூசுகிறவன், மறுநாள் மூன்றாம் மாடி விளிம்பில் உட்கார்ந்து டீ குடித்தான். ஒன்பதாம் வீட்டு மனோன்மணிக்கு மாமியார் பயம் போனது. பதினோரு வீட்டுக்கும் ஒவ்வொன்று. துளசிமணிக்கு மட்டும் ஒன்றும் போகவில்லை, டப்பா மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு, "பாத்து, பாத்து, மிதிச்சறாதீங்க" என்று எல்லோருடைய காலையும் பார்த்துக்கொண்டிருந்தவளை எந்தக் குட்டி பார்க்கும்?

லைன் அதை அப்படியே தன் பழக்கத்தில் சேர்த்துக்கொண்டது. அவரவர் குட்டியை அவரவர் வீட்டுக்கு எடுத்துப்போனார்கள், அதற்குப் பாம்பு என்ற பேரே மறந்துபோய், "என்ற பயத்துக்கு இன்னைக்குத் தீனி போடோணும்", "எங்க பயம் சட்டை உரிச்சிருக்குது வந்து பாரு" என்று பேசலானார்கள், விருந்துக்கு வந்த ஒறம்பரைகள் முழித்தார்கள். மேகம் கூடினால் விசாலாட்சி அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டுப் போய் டப்பா மேல் கம்பளியைப் போர்த்தி, "ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல" என்று தட்டிக்கொடுப்பாள். தெருநாய் குரைத்தால் அன்வர் பாய் தையல் மிஷினை நிறுத்திவிட்டு ரேடியோவைச் சத்தமாய் வைப்பார், தனக்காக அல்ல.

பயம் திரும்பி வரும் வழியையும் அவர்கள் தெரிந்துகொண்டார்கள், மனோன்மணி புண்ணியத்தில். ஒரு வருஷம் மாமியாரை எதிரில் உட்கார வைத்துக் கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவள், ஒருநாள் எலிக்குஞ்சைத் தொட்ட கையைக் கழுவாமல் டப்பாவுக்குள் விட்டாள், குட்டி கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது, உள்ளே மாமியார் லேசாக இருமினாள். மனோன்மணி முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு எழுந்து நின்று, "காப்பி வேணுங்களா அத்தே?" என்றாள். லைன் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. பயத்தைத் திருப்பிக் கொடுத்த அந்தக் குட்டி அன்றிலிருந்து வெறும் பாம்பாய், எதற்கும் அசையாமல், நன்றாகத் தின்று கொழுத்தது.

மூன்று வருஷம் போயிற்று. குட்டிகள் ஜோடி சேரும் வயதுக்கு வந்தன. ஒரு பயம் போனவர்களுக்கு மிச்சமிருக்கிற பயங்கள் உறுத்தத் தொடங்கின, கூரையில் ஒரு ஓட்டையை அடைத்ததும் அடுத்த ஓட்டை கண்ணில் படுகிற மாதிரி. கார்த்திகை மாதம் ஒரு காலையில் எல்லோரும் தொட்டியடியில் கூடினார்கள், யாரை யாரோடு சேர்ப்பது என்று.

"செவலைய விட்டுருங்க" என்றாள் துளசிமணி. "போன வருசம் ஜோடி சேராமயே வெறும் முட்டை போட்டு, அதுல மூணு வயித்துக்குள்ளயே நின்னுக்கிச்சு. நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"அப்பப் புள்ளைங்கள்ல பாரு. பாய் வீட்டுப் பொண்ணு?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"நாய் குரைச்சா மூணு நாளு சாப்பிடாதும்மா அது" என்றார் அன்வர் பாய். "அதுக்கு என்ன இப்பக் கல்யாணத்துக்கு அவசரம்? கொஞ்ச நாள் எங்கூடவே இருக்கட்டும்."

"மனோன்மணி வீட்டது?"

"அது வெறும் பாம்பு. நல்லா இருக்குது. அதுக்கு மாமியா வேற எதுக்கு?" என்றாள் மனோன்மணி மெதுவாக, தன் வீட்டுப் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டு.

சிரிப்பு அடங்கியதும் விசாலாட்சி குடத்தைக் கீழே வைத்தாள். "எதுக்கு இத்தனை பேச்சு? என்ற வீட்டுல இருக்கறது பொண்ணு. என்ற தம்பி செல்லமுத்து வீட்டுல இருக்கறது பையன். அக்கா பொண்ணு, தம்பி பையன். இதுக்கு மேல என்ன முறை வேணும்?"

எல்லோருக்கும் அது சரியாகப்பட்டது. ஊரில் தேடி அலைந்தாலும் கிடைக்காத சொந்தம் என்றார்கள். செல்லமுத்து, "பொண்ணுக்கு என்ன சீர் செய்யறீங்க?" என்றுகூடக் கேட்டுவிட்டான்.

"அய்யோ அக்கா, ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததுங்க" என்றாள் துளசிமணி. "ஒரே நாளு, ஒரே டப்பா. அண்ணன் தங்கச்சி."

"பொறந்ததை யாரு கேட்டா அம்மிணி? மூணு வருசம் தீனி போட்டது யாரு, இடிக்கு இடி எந்திரிச்சுப் போயி தட்டிக்குடுத்தது யாரு? என்ற வீட்டுல வளந்தது என்ற புள்ள. அவன் வீட்டுல வளந்தது அவன் புள்ள. நாளைக்கு நீ ஒண்ண எடுத்து வளத்தா உன்ற புள்ளைன்னு சொல்ல மாட்டியா?"

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் பிள்ளையில்லாத துளசிமணி அங்கே நிற்கவில்லை. வீட்டுக்குள் போய்த் தாரிணிக்குச் செய்தி அனுப்பினாள், பதில் குரலாக வந்தது, அதை வெளியே கொண்டுவந்து எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். "வேண்டாங்க்கா. செவலையோட சிவப்பும் மயிலையோட சாம்பலும் குட்டிங்க உடம்புக்குள்ள ஒளிஞ்சுதான் இருக்கு, எங்கயும் போகலை. கூடப் பொறந்ததுங்களைச் சேர்த்தா, ரெண்டு பக்கமும் ஒளிஞ்சிருக்கறது ஒண்ணாகி வெளிய வந்துரும். நோஞ்சான் குட்டியும் பொறக்கும். வேற ஜோடி பாருங்க."

"ஜெர்மனியில முறை பாத்தா கல்யாணம் பண்றாங்க?" என்றாள் விசாலாட்சி. பிறகு துளசிமணியின் தோளில் கை வைத்து, குரலை இறக்கி, "இந்தத் தரம் மொதக் குட்டி உனக்குத்தான். எத்தனை நாளைக்கு நீ பூட்டை இழுத்து இழுத்துப் பாத்துட்டு நிப்ப?" என்றாள்.

அதைக் கேட்டதும் துளசிமணி அழுதுவிட்டாள். ஒரே ஒரு நாள், ஒரு நாளாவது, கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்துபோய் பஸ் ஏறி ஜன்னல் வழியாக வெளியே பார்க்க வேண்டும் என்று அவள் எத்தனை வருஷமாய் ஆசைப்பட்டிருப்பாள். தப்பு என்று தெரிந்தேதான் சரி என்றாள். இதை மட்டும் அவள் ஒருபோதும் மாற்றிச் சொல்வதில்லை. விசாலாட்சி வீட்டுப் பெண்ணையும் செல்லமுத்து வீட்டுப் பையனையும் மார்கழி முழுக்கத் தன் தொட்டிப் பக்கத்துச் சுவரோரம் வைத்திருந்து, மாசி மாதம் தன் கையாலேயே ஒரே பெட்டியில் விட்டாள், லைன் பெண்கள் பெட்டிக்கு முன்னால் வெற்றிலை பாக்கு வைத்தார்கள்.

ஒன்பது முட்டை. ஆனியில் மறுபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை. துளசிமணியை முன்னால் மணை போட்டு உட்காரவைத்து, மற்றவர்கள் சுவரோரமாய் ஒதுங்கி நின்றார்கள், அவளைத் தவிர யாரையும் முதல் குட்டி பார்த்துவிடக்கூடாது என்று செல்லமுத்து எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னான். முட்டை கீறியது. கீறலில் ஈரம் மின்னியது. அப்போதுதான் அவளுக்கு, பால் வைத்தோமே, அடுப்பை அணைத்தோமா என்ற எண்ணம் வந்தது. உட்கார்ந்திரு, உட்கார்ந்திரு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முடியவில்லை. எழுந்து ஓடினாள். அடுப்பு அணைந்துதான் இருந்தது. அந்த நேரத்தில், வாசலிலிருந்து வந்த நாச்சிமுத்து, காலியான மணையைப் பார்த்து, "துளசி எங்க?" என்று குனிந்தார்.

முதல் குட்டி வெள்ளை. வாய் ரோஜா நிறம், கண் ரோஜா நிறம், உடம்பு முழுக்க வடித்த சோற்று வெள்ளை. அது அவரைப் பார்த்தது.

மற்ற எட்டில் மூன்று சிவப்பு, இரண்டு சாம்பல், மூன்று பழுப்பு. ஒளிந்திருந்த நிறத்தோடு வந்த குட்டிகள் எல்லோருக்கும் தெரிந்த பயங்களைத் தொடவில்லை, யாரும் யாரிடமும் சொல்லாமல் உள்ளே வைத்திருந்த பயங்களை எடுத்துக்கொண்டன. விசாலாட்சியின் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். சாயங்காலமானால் அவள் கோலமாவு டப்பாவோடு வாசலில் நிற்பது கோலத்துக்காக இல்லை, ரோட்டைப் பார்க்கத்தான் என்பது சிவப்புக் குட்டி பிறந்த பிறகுதான் லைனுக்கே தெரிந்தது, ஏனென்றால் அன்றிலிருந்து அவள் வாசலுக்கு வரவில்லை. அன்வர் பாய் துணியை இரண்டாம் தரம் அளந்து பார்ப்பதை விட்டார், தீபாவளிக்குத் தைத்த சட்டையெல்லாம் கை நீளமாய்ப் போயிற்று, "ஆச்சு, மடிச்சுவிட்டுக்குங்க" என்றார்.

வெள்ளைக் குட்டி நாச்சிமுத்துவின் பயம் முழுவதையும் எடுத்துக்கொண்டது, அடி வரைக்கும் வழித்து. முதல் வாரம் அவர் ராஜா மாதிரி இருந்தார். படுத்தவுடன் தூங்கினார், காலையில் பாட்டுப் பாடிக்கொண்டு குளித்தார். லைனில் ஆம்பளைகள் பொறாமைப்பட்டார்கள். இரண்டாம் வாரம் சட்டையில் பொட்டுப் பொட்டாய் ஓட்டைகளோடு வந்தார், நெஞ்சில் அதே இடங்களில் பொட்டுப் பொட்டாய்க் கொப்புளங்கள்.

"ஏனுங்க, ஏப்ரன் போடலீங்களா?"

"அது எதுக்கு? வேர்க்குது."

"கையுறை?"

"அதும் வேர்க்குது."

மறுநாள் கூட வேலை செய்கிற ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான், உருக்கு வாளி ஆடி இரும்பு சிந்தியபோது எல்லோரும் குதித்து ஓட, நாச்சிமுத்து அண்ணன் மட்டும் நின்ற இடத்தில் நின்று அது தன் கால் பக்கம் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் இழுத்திருக்காவிட்டால் இன்றைக்கு அவருக்குக் கால் இல்லை, என்று. துளசிமணி அவர் விரல்களை எண்ணினாள். பத்து. தினமும் சாயங்காலம் செருப்பைக் கழற்றும் முன்னால் எண்ணினாள்.

ஆனால் அவளை அதைவிட வேறொன்று உருக்கியது. மத்தியானம் போன் வருவது நின்றுபோயிற்று. பன்னிரண்டரை மணிக்குக் கையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், ஒரு மணி ஆகும், ஒன்றரை ஆகும். ஒருநாள் காய்ச்சலில் படுத்திருந்தபோது அவர் வந்து பார்த்தார், நெற்றியைத் தொடவில்லை, "சரியாப் போயிரும்" என்று சொல்லிவிட்டுச் சோறு போட்டுச் சாப்பிட்டார். கோபமில்லை, வெறுப்பில்லை. அவள் செத்துப்போனாலும் நன்றாகத் தூங்குவார் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது.

வெள்ளைக் குட்டியோ தண்ணீர்க் கிண்ணத்துக்கடியில் ஒளிந்தது ஒளிந்ததுதான். ஒரு மனுஷனின் நாற்பத்தொன்பது வருஷப் பயம் பென்சில் பருமன் உடம்புக்குள். வாசலில் யாராவது தும்மினால் துடித்தது, வெளிச்சம் பட்டால் துடித்தது, மத்தியானம் பன்னிரண்டரைக்கு ஒன்றும் இல்லாமலே துடித்தது. முதல் சட்டை உரித்த பிறகுதான் குட்டிகள் தின்னத் தொடங்கும். மற்ற எட்டும் உரித்துத் தின்று வளர, இது உரித்ததோடு சரி, தின்னவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். முதுகெலும்பு நூல் கோத்த மாதிரி தெரிந்தது. செத்துப்போனால் அவர் பயமும் அதோடு போய்விடும், திரும்ப வாங்க வழியில்லை.

விசாலாட்சியிடம் போய்ச் சொன்னாள். "கடிக்க வெச்சரலாமான்னு பாக்கறேன் அக்கா."

விசாலாட்சி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. "எதுக்கு? மனுஷன் இப்பத்தான் நிம்மதியாத் தூங்கறான். அதைக் கெடுக்கறதுக்கா கட்டிக்கிட்ட? வளத்து, மூணு வருசத்துல அந்த வெள்ளைக்கு ஒரு வெள்ளையைப் பாக்கலாம். லைனுக்கே நிம்மதி."

"அவருக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா?"

"ஆனா ஆவுது" என்றாள் விசாலாட்சி. வெளியே லாரி ஒன்று நிற்கிற சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுடைய லாரிக்காரர் மூன்று நாள் ஓட்டம் முடிந்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டில் ஆள் இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி நின்றார். அதைப் பார்த்துக்கொண்டே துளசிமணி வீட்டுக்கு வந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. "ஏனுங்க, இந்த எலிக்குஞ்சைக் கொஞ்சம் வெந்நீர்ல அலசித் தாங்க" என்றாள். கிண்ணத்தில் ஊற்றித் தருவதற்குள் அவர் நேராகக் கொதிக்கிற பாத்திரத்துக்குள் கையை விட்டார். விட்ட கையை எடுக்கவில்லை. அவள்தான் கத்திக்கொண்டு இழுத்தாள். சிவந்துபோன விரல்களைப் பார்த்து, "சூடாத்தான் இருக்குது" என்று அவர் சொன்னதும், அவருக்குச் சொல்லாமல் செய்கிறோமே என்று அவளுக்குள் அதுவரை ஆடிக்கொண்டிருந்தது நின்றுவிட்டது. சோப்பை முன்பே முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள்.

"கையைத் தொடைக்காதீங்க. அப்படியே இதைத் தூக்குங்க."

டப்பாவை அவள் பிடித்துக்கொண்டாள். தன் கையைக் கடித்துவிட்டால் அவர் பயமும் தன் பயமும் சேர்ந்து தான் என்ன ஆவோம் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டாள். வெள்ளைக் குட்டி அவர் உள்ளங்கையில் நடுங்கியது. ஒளிய இடம் தேடி விரல் இடுக்கில் நுழைந்தது. நாக்கை நீட்டியது. மறுபடி நீட்டியது. மூன்று வாரப் பட்டினி, எலி வாசம், வெந்நீர்ச் சூடு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்த மெல்லிய சதையைப் பிடித்துத் தொங்கியது.

நாச்சிமுத்து பார்த்துக்கொண்டே இருந்தார். கொடியில் காய்ந்துகொண்டிருந்த சட்டையின் ஓட்டைகளைப் பார்த்தார், ஒவ்வொன்றாக, எல்லாவற்றையும். தன் காலைப் பார்த்தார். தரையில் உட்கார்ந்தார். ஐம்பது வயது நெருங்குகிற மனுஷன் குழந்தை மாதிரி வெந்த விரல்களை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். பிறகு திடுக்கிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

"துளசி, கேஸை அணைச்சியா?"

"இல்லீங்க" என்று சொல்லிவிட்டு அவள் ஓடினாள்.

திரும்பி வந்தபோது வெள்ளைக் குட்டி கடியை விட்டுவிட்டு, அவர் கையிலிருந்து நழுவி மடியில் விழுந்திருந்த எலிக்குஞ்சைத் தலையிலிருந்து விழுங்கத் தொடங்கியிருந்தது. அவர் அவளையே பார்த்தார். "சோப்பை எங்க வெச்ச?" என்றார். அவள் முந்தானையை அவிழ்த்துக் கொடுத்தாள். அவர் தொட்டியடிக்குப் போய் ரொம்ப நேரம் கை கழுவினார். அதைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, இன்றைக்கு வரைக்கும் பேசவில்லை. மன்னித்துவிட்டாரா என்று கேட்க அவளுக்குப் பயம். மறுநாள் பன்னிரண்டரைக்குப் போன் வந்தது.

கட்டினவனின் நிம்மதியைக் கெடுத்தவள் என்று லைன் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் லாரிக்காரர் சிவப்புக் குட்டியின் டப்பாவோடு வந்து, "இதுக்கு ஒரு எலிக்குஞ்சு கிடைக்குமா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார், அன்று சாயங்காலம் விசாலாட்சி கோலமாவு டப்பாவோடு வாசலில் நின்றாள், துளசிமணியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனாலும் நின்றாள். அன்வர் பாய் தன் பயத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. செல்லமுத்துவும் வாங்கிக்கொள்ளவில்லை, இன்னும் விளிம்பில் உட்கார்ந்துதான் டீ குடிக்கிறான், அவன் மனைவி அண்ணாந்து பார்ப்பதில்லை.

கார்த்திகை முடிகிற நேரத்தில் மறுபடி தொட்டியடியில் பேச்சு கிளம்பியது, இந்த வருசம் யாரை யாரோட, பெருசானதும் வெள்ளைக்கு யாரு முறை, என்று. துளசிமணி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். அவரவர் பாம்பு அவரவர் வீட்டில், அவள் யாரையும் தடுக்க முடியாது. ஆனால் பதினோரு வீட்டுச் சுவரும் பவுண்டரி அனலில் மார்கழியிலும் காய்கிற சுவர்கள், குளிரில் கிடக்காத பாம்பு மாசியில் ஜோடி சேராது, அந்த லைனில் குளிர்ந்த சுவர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

மார்கழி முதல் தேதி காலையில், அவளும் நாச்சிமுத்துவுமாக அடுப்பு மேடையின் கடப்பாக் கல்லைப் பெயர்த்தார்கள். தொட்டிப் பக்கத்துச் சுவரை ஒட்டிப் புது மேடை கட்டி, அடுப்பையும் சிலிண்டரையும் அங்கே மாற்றினார்கள். அன்றிலிருந்து மூன்று வேளைச் சமையலும் அந்தச் சுவரோடுதான், போதாததற்குக் குளிக்க வெந்நீரும். யார் வேண்டுமானாலும் வந்து தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம், சுவர் காய்ந்து வெதுவெதுப்பாக இருக்கிறது. செவலையும் மயிலையும் வெள்ளையும் அதற்கு மேலே மூன்று தனிப் பெட்டிகளில், மூடிக்கு மேல் கயிறு கட்டி, முடிச்சுக்கு மேல் முடிச்சுப் போட்டு.

சமையல் முடிந்ததும் அவள் கேஸை அணைத்துவிட்டுக் கூப்பிடுவாள், அவர் வந்து குமிழைத் திருகிப் பார்ப்பார், அவர் போனதும் அவள் ஒருதரம் திருகிப் பார்ப்பாள், அப்புறம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவாள்.